நிழலுக்கு நகராத நாற்காலி

அத்தியாயம் 6

கப்பல் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருந்தது. வெண்டல் ரிட்டரைக் காணோம்.

ஹார்லன் கிட்ரிக்கு அந்த ஆளைத் தெரியும். எழுபத்து நான்கு வயது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர். காலை உணவின்போது பக்கத்து மேஜை. முதல் நாள் ஹார்லனிடம் பெயர் கேட்டுக் கை குலுக்கினார். இரண்டாம் நாளும் கேட்டார். நேற்றும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே மலர்ச்சி.

"இந்தக் கப்பல்ல என்னைப் பார்த்து சந்தோஷப்பட்ட ஒரே மனுஷன் மேடம் அவர்" என்றான் ஹார்லன்.

முன்னால் வெர்னா கோலசெக். மாடிப்படியில் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தாள். அறுபது வயது. கால்வெஸ்டனில் முப்பது வருடமாகத் துப்பறிகிறாள். விடுமுறை என்று அவள் எடுத்தது இதுதான் முதல் தடவை. யோசனை ஹார்லனுடையது. ஒன்பது வருடமாக அவளிடம் வேலை செய்கிறான். அதற்கு முன் லூசியானாவில் டாக்சி ஓட்டினான். விளம்பரத்தில் 'புளூ கோரொனெட்' கப்பல் வெள்ளையாக, பளபளப்பாக இருந்தது. படம் எடுத்த வருடத்தை யாரும் போடவில்லை.

இரண்டாம் நாள் ஏசி நின்றது. மூன்றாம் நாள் ஓர் இயந்திரம் மக்கர் செய்ததால் கோசுமெல் தீவில் இறங்குவது ரத்து. மேல்தள நீச்சல்குளத்தில் முதல் நாளிலிருந்தே தண்ணீர் இல்லை. குறுக்கே வலை கட்டியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே கோழிக்கு மூன்று பெயர். நான்காம் நாளான இன்றுதான் கரை. மெக்சிகோவின் ப்ரோக்ரெஸோ.

ஐந்தாம் தளத்தில், வரவேற்பு மேஜைக்கு எதிரே ஆர்லின் ரிட்டர் உட்கார்ந்திருந்தாள். காலடியில் இரண்டு பெட்டிகள். யாரோ அவளுக்காகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கையில் தண்ணீர் பாட்டில். மூடி திறக்கவில்லை.

பாதுகாப்பு அதிகாரி கோஸ்டாஸ் நின்றபடி பேசினார். கழுத்துப் பட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

"நீங்க தோழியா?" என்று வெர்னாவைக் கேட்டார்.

"பக்கத்து மேஜை."

"சரி. விஷயம் எளிசு. ரெண்டு மணி வரைக்கும் அவர் இவங்களோட மேல்தளத்துல இருந்திருக்காரு. இவங்க ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்காங்க. அஞ்சு நிமிஷம். திரும்பி வந்தா ஆள் இல்ல. இறங்கிட்டாரு."

"இறங்கினப்ப பயணி அட்டையை மெஷின்ல காட்டணுமே?"

"ஒன்றரைலேருந்து ரெண்டரை வரைக்கும் மெஷின் படுத்துடுச்சு. லிஸ்ட்ல பென்சிலால டிக் போட்டோம்."

"அவருக்கு டிக் இருக்கா?"

"இல்ல. கூட்டம். சிலது விட்டுப்போகும்."

"அதாவது," என்றான் ஹார்லன், "அவர் இறங்கினதுக்கு அத்தாட்சி, அத்தாட்சி இல்லாததுதான்."

கோஸ்டாஸ் அவனைப் பார்த்தார். "இவர் யாரு?"

"என் விடுமுறையைக் கெடுத்தவன்" என்றாள் வெர்னா. "கப்பல்ல தேடினீங்களா?"

"பயணிகள் போற இடம் ஒண்ணு விடல. ஒலிபெருக்கியில ஆறு தடவை கூப்பிட்டாச்சு. ஊருக்குள்ள எங்க கப்பல் ஏஜென்ட் தேடிக்கிட்டிருக்காரு. இவங்க இறங்கி அவரோட சேர்ந்து தேடறதுதான் நல்லது. அஞ்சு மணிக்குக் கப்பல் நிக்காது."

ஆர்லின் தலை நிமிர்த்தினாள். மெலிந்த, உறுதியான தோள்கள். எழுபத்தொரு வயது உடம்பு போல் இல்லை.

"அவருக்குத் தாகம்னா என்னன்னு மறந்துபோச்சு" என்றாள். "ரெண்டு வருஷமா. டம்ளரைக் கையில குடுத்து, குடிங்கன்னு சொல்லணும். சொல்லலேன்னா குடிக்க மாட்டார். இந்த வெயில்ல."

பாட்டிலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

வெர்னா அவளுடைய கைகளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள். "நாற்காலி எங்க போட்டிருந்தீங்க?"

"ஒன்பதாம் தளம். இடது பக்கம். கடைசி உயிர்காப்புப் படகுக்குப் பக்கத்துல."

"அதை யாராவது எடுத்தாங்களா?"

"அங்கேயேதான் இருக்கு" என்றார் கோஸ்டாஸ். "நாற்காலியில என்ன இருக்கு மேடம்? ஆளைத் தேடணும்."

"இவங்களை நாலரை வரைக்கும் இறக்காதீங்க."

"நாலேகால்."

வெர்னா ஏற்கெனவே படியில் இருந்தாள்.

ஹார்லன் பின்னால் ஓடினான். லிஃப்ட் இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை. மற்றொன்றை யாரும் நம்பவில்லை. ஆறாம் தளத் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றான். சுவரில் பித்தளைப் பலகை. அம்புக்குறியுடன் 'நீச்சல்குளம்'. ஒரு குறி மேலே. ஒரு குறி கீழே.

"இதை மட்டும் நம்பிடாதீங்க மேடம்" என்றான். "முதல் நாள் கீழே போற அம்பைப் பிடிச்சுப் போனேன். வெறும் ஜட்டி, தோள்ல துண்டு. மூணாம் தளம் வரைக்கும். அங்க போனா கதவுல சங்கிலி. பக்கத்து ஹால்ல அறுபதாவது கல்யாண நாள் விருந்து. மொத்தக் குடும்பமும் என்னைப் பார்த்துக் கை தட்டுச்சு."

"நட."

"கேக் குடுத்தாங்க. அதைச் சொல்லணும்."

மேல்தளத்தில் வெயில் சுண்ணாம்பு மாதிரி கண்ணைக் கரித்தது. தண்ணீரில்லாத குளத்தின் வலையில் கடற்பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆட்கள் எல்லாரும் கூரைக்கு அடியில். நாற்காலிகளை இழுத்து இழுத்து ஒரே கும்பலாகப் போட்டுக்கொண்டு, விசிறிக்கொண்டு, கப்பல் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டு.

திறந்த வெயிலில் இரண்டே நாற்காலிகள்.

ஒன்றில் நீலத் துண்டு விரித்திருந்தது. கால்மாட்டில் பிளாஸ்டிக் கிளிப். தலைமாட்டில் வைக்கோல் தொப்பி. நடுவில் மீன்பிடிப் பத்திரிகை. இன்னொன்றில் துண்டு இல்லை. ஒரு புத்தகம். அதன்மேல் மூக்குக் கண்ணாடி. இரண்டையும் சேர்த்து ஒரு கிளிப் கவ்வியிருந்தது. கீழே ஒரு ஜோடிச் செருப்பு, ஒட்டினாற்போல.

வெர்னா எதையும் தொடவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு கூரைக்கு அடியில் இருந்த கும்பலைப் பார்த்தாள்.

அங்கே ஒரு பருத்த மனிதர் பீர் குடித்துக்கொண்டிருந்தார். பெயர் டெல்பர்ட். விஸ்கான்சின்காரர் என்பதை அவருடைய தொப்பி, பனியன், பீர் டின்னின் உறை மூன்றிலும் இருந்த எழுத்து சொன்னது.

"ரிட்டரைத் தேடறீங்களா?" என்றார் அவரே. "அதிகாரிகிட்ட சொல்லிட்டேன். நான் ஒன்பது மணிக்கு வந்தேன். அப்பலேருந்து ரெண்டு மணி வரைக்கும் அவர் அங்கேதான் இருந்தாரு."

"பேசினீங்களா?" என்றாள் வெர்னா.

"இல்ல."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"தொப்பி இருந்துச்சே."

"தொப்பிக்குக் கீழே?"

டெல்பர்ட் யோசித்தார். "துண்டு போட்டிருந்துச்சும்மா. துண்டு போட்டிருந்தா ஆள் இருக்காருன்னுதானே அர்த்தம். கக்கூஸ் போயிருப்பாரு, சாப்பிடப் போயிருப்பாரு. என் சம்சாரம் காலையில ஆறு மணிக்கு வந்து துண்டு போட்டுட்டுத்தான் பல்லே தேய்ப்பா. எல்லாரும் அப்படித்தான். ஒருத்தன் துண்டை இன்னொருத்தன் தொட்டா கப்பல்ல ரத்த ஆறு ஓடும்."

"பக்கத்து நாற்காலியில துண்டு இல்லையே?"

"அதான் எனக்கும் சபலம். வந்தப்பவே இல்ல. துண்டு இல்லாத நாற்காலி பொது நாற்காலின்னு சம்சாரம் சொன்னா. ஆனா கண்ணாடி இருந்துச்சு. வயசான அம்மா கண்ணாடி. பாவம்னு விட்டுட்டேன்." பீரைக் குடித்தார். "அப்ப நிழலா வேற இருந்துச்சு அந்த இடம். நல்ல இடம்."

"ஒன்பது மணிக்கே துண்டு இல்ல. உறுதியா?"

"நாற்காலி விஷயத்துல நான் பொய் சொல்ல மாட்டேம்மா."

வெர்னா ஹார்லனைத் தள்ளிக்கொண்டு போனாள். "தரையைப் பாரு."

பார்த்தான். பழைய கப்பல். பழைய நாற்காலிகள். கால்களில் துரு. இழுத்த இடமெல்லாம் தரையில் பழுப்புக் கோடு. ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் நான்கு கோடுகள், வெயிலிலிருந்து நிழலுக்கு. ஒரு குழந்தை நோட்டில் கிறுக்கியது போல.

ரிட்டர் தம்பதியின் நாற்காலிகளுக்குப் பின்னால் கோடு இல்லை. காலுக்கு ஒன்றாக வெறும் புள்ளிகள்.

"காலையில இங்க நிழல்" என்றாள் வெர்னா. "பதினொரு மணிக்கு மேல வெயில். எல்லாரும் நாற்காலியை இழுத்துக்கிட்டு ஓடியிருக்காங்க. இந்த ரெண்டு மட்டும் நகரல."

ஹார்லன் மெதுவாக விசில் அடித்தான். "உக்காந்திருந்தா வெந்திருப்பாங்க."

"ஆர்லின் கையைப் பார்த்தியா?"

"பால் மாதிரி."

"போய்க் கூட்டிக்கிட்டு வா."

"வேணும்னே பொய் சொல்லியிருக்காங்களா? புருஷன் காணாமப் போயிருக்கப்பவா?"

"கூட்டிக்கிட்டு வா ஹார்லன்."

ஹார்லன் படியை நோக்கித் திரும்பினான். மனைவி பொய் சொன்ன வழக்குகள் அவனுக்குத் தெரியும். கால்வெஸ்டனில் ஒன்பது வருடத்தில் பதினோரு மனைவிகள். ஒருத்தி கூட நல்ல காரணத்துக்குச் சொல்லவில்லை. கடல் கம்பிக்கு அப்பால் எண்ணெய் பூசினாற்போல் அசையாமல் கிடந்தது. அதைப் பார்க்காமல் இறங்கினான்.

ஆர்லின் அவனோடு வந்தாள். கோஸ்டாஸ் கைக்கடிகாரத்தைத் தட்டியபடி பின்னால் வந்தார்.

வெர்னா கம்பியருகே நின்றிருந்தாள். "ஆர்லின், நீங்க இன்னிக்கு இந்த நாற்காலியில உக்காரவே இல்ல."

ஆர்லின் தரையைப் பார்த்தாள். அங்கே எழுதியிருப்பதை அவளாலும் படிக்க முடிந்தது.

"ஆறு மணிக்கு வந்து துண்டு போட்டேன்" என்றாள். "ரெண்டு பேருக்கும். எல்லாரையும் போல."

"அப்புறம்?"

"அப்புறம் கரைக்குப் போயிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு பத்து. அவர் தூங்கிக்கிட்டிருந்தார். மேஜையில சீட்டு எழுதி வெச்சேன். படிப்பார்னு நினைச்சேன். நினைக்கல. நினைச்ச மாதிரி நடிச்சேன்." குரல் உடையவில்லை. "ஒரு மணி நேரத்துல வந்துடலாம்னுதான் போனேன். கடற்கரையில ஒரு கடை. காபி குடிச்சேன். யாரும் என்கிட்ட வரல. அஞ்சு மணி நேரம். அஞ்சு மணி நேரமா யாரும் என்னைப் பார்த்து நீங்க யாருன்னு கேக்கல."

கூரைக்கு அடியில் யாரோ சிரித்தார்கள்.

"வந்து பார்த்தா அறையில இல்ல. இங்க ஓடி வந்தேன். இங்கயும் இல்ல. அந்த விஸ்கான்சின்காரர்தான் சொன்னார், இவ்வளவு நேரம் இங்கதான் இருந்தாருன்னு. சரி, அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். ஐஸ்கிரீம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?" என்றான் ஹார்லன். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"எங்க ஊர்ப் பக்கம் டெ மாயின்ல என் பொண்ணு இருக்கா. அப்பாவுக்கு முதியோர் ஹோம்ல இடம் பார்த்து வெச்சுட்டா. உன்னால முடியாதும்மான்னு சொன்னா. முடியும்னு காட்டத்தான் இந்தக் கப்பல். தனியா விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா அடுத்த நாளே கூட்டிட்டுப் போயிடுவா."

கோஸ்டாஸ் தலையைத் தடவினார். "கடவுளே. நான் அவரோட அட்டையை மட்டும்தான் பார்த்தேன். இவங்களோடதைப் பார்க்கத் தோணல."

"இப்ப கணக்கு மாறுது" என்றாள் வெர்னா. "இவங்க போனது எட்டு பத்து. ஒன்பதுக்கு டெல்பர்ட் வந்தப்ப ஒரு துண்டு இல்ல. ஒன்றரை வரைக்கும் உங்க மெஷின் நல்லா இருந்துச்சு. அது வெண்டலைப் பார்க்கல. அப்ப அவர் இறங்கல. இவ்வளவு சின்ன கப்பல்ல, ஒன்பதுலேருந்து ஒன்றரை வரைக்கும் அவரை ஒருத்தரும் பார்க்கல. எங்க இருந்தார்?"

"கடல்ல..." என்று தொடங்கிய கோஸ்டாஸ், ஆர்லினைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இல்ல" என்றாள் வெர்னா. "இந்த நாற்காலியைப் பாருங்க. ஆர்லின், நீங்க துண்டு மேல என்ன வெச்சிருந்தீங்க?"

"புத்தகம். கண்ணாடியைச் செருப்புக்குள்ள வெச்சேன். கிளிப்பைத் துண்டுல மாட்டினேன்."

"இப்ப கண்ணாடி புத்தகத்து மேல இருக்கு. காத்துல பறக்கக் கூடாதுன்னு கிளிப் அதுக்கு மாறியிருக்கு. செருப்பு ஜோடியா இருக்கு."

"துண்டை எவனாவது திருடியிருப்பான்" என்றார் கோஸ்டாஸ்.

"திருடன் இவ்வளவு பாந்தமா அடுக்கி வெக்க மாட்டான்" என்றான் ஹார்லன். "நான் திருடினா கண்ணாடி மேலயே உக்காருவேன்."

"அதேதான். இது இவங்களோட சாமான்னு தெரிஞ்ச கை. இவங்க திரும்பி வந்து கண்ணாடியைத் தேடுவாங்கன்னு தெரிஞ்ச கை." வெர்னா அவன் பக்கம் திரும்பினாள். "அவர் தன் துண்டை எடுக்கல. பொண்டாட்டி துண்டை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கார். எதுக்கு?"

"எதுக்கா? குளிச்சிட்டு வர்றவங்களுக்குக் குடுக்க. வேற எதுக்கு மத்தவங்க துண்டை..." ஹார்லன் நிறுத்தினான்.

ஆர்லின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பது வருஷம் ஊர்ப் பொதுக்குளத்துல நீச்சல் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். "தினமும் கார்ல கொண்டு விடுவார். நான் வெளியே வர்றப்ப துண்டை விரிச்சுக்கிட்டு நிப்பார். மழையா இருந்தாலும். சண்டை போட்டிருந்தாலும்."

"செருப்பு இருக்கு, புத்தகம் இருக்கு, ஆள் இல்ல" என்றாள் வெர்னா. "அப்ப நீங்க தண்ணியில இருக்கீங்க. அப்படித்தான் நினைச்சிருப்பார்."

எல்லாரும் குளத்தைப் பார்த்தார்கள். வலை. பறவை.

"இந்தக் கப்பல்ல இது ஒண்ணுதான் குளம்" என்றார் கோஸ்டாஸ்.

"உங்க அம்பு அப்படிச் சொல்லலையே" என்றான் ஹார்லன். குரலில் கேலி இல்லை.

"மூணாம் தளமா? அது மூடி பன்னிரண்டு வருஷம் ஆச்சு. சங்கிலி போட்டிருக்கு. பூட்டு. யாரும் உள்ளே போக முடியாது."

"இன்னிக்குக் காலையிலயும் சங்கிலி இருந்துச்சா?"

கோஸ்டாஸ் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியை எடுத்து ஏதோ கேட்டார். அவருடைய மொழியில் கேட்டார். பதில் வந்தது. இன்னொரு முறை கேட்டார். அதே பதில்.

"ஏசி ரிப்பேருக்கு அந்த வழியாத்தான் குழாய் போட்டிருக்காங்க. நேத்து ராத்திரிலேருந்து கதவு திறந்திருக்கு." கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணிக்குக் குழாயை எடுத்துட்டுப் பூட்டியிருக்காங்க."

"உள்ளே பார்த்தாங்களா?"

"காலியான குளம் மேடம். அதுல என்ன பார்க்க?"

"அங்க ஒலிபெருக்கி உண்டா?"

கோஸ்டாஸ் ஓடத் தொடங்கினார்.

ஆறு தளம். ஹார்லன் இறங்கும்போது எண்ணினான். பத்து மணியிலிருந்து இப்போது நாலு மணி. ஆறு மணி நேரம். ஏசி இல்லாத கப்பலின் அடிவயிற்றில், காற்று போகாத அறையில், தாகம் மறந்துபோன ஒரு மனிதர். ஒவ்வொரு திருப்பத்திலும் பித்தளை அம்பு பளபளத்தது. வழி தவறவே முடியாது. கப்பலில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள்.

மூன்றாம் தளத்தில் விளக்குகள் பாதி எரியவில்லை. விருந்து ஹாலில் கவிழ்த்த நாற்காலிகள். எதிரே இரட்டைக் கதவு. புதிதாகச் சுற்றிய சங்கிலி.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. யாரும் தட்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

"தட்டியிருக்கணுமே" என்றார் கோஸ்டாஸ் மூச்சிரைக்க. "ஆள் உள்ள இருந்தா தட்டியிருப்பாரே."

சாவிக்கொத்தில் பூட்டுக்கான சாவி இல்லை. ஹார்லன் சுவரிலிருந்த தீயணைப்புக் கோடரியை எடுத்தான். நான்கு அடி. சங்கிலி விடவில்லை. கதவின் கைப்பிடி விட்டது. துருப்பிடித்த கதவு.

வெப்பம் முகத்தில் ஈரத்துணி போல அறைந்தது. குளோரின் வாசனை இல்லை. பூசண வாசனை. உப்பேறிய வட்டச் சன்னல்கள் வழியாக மஞ்சள் வெளிச்சம். பச்சை ஓடு பதித்த குளம், ஆழமான பக்கத்தில் கொஞ்சம் துருத் தண்ணீர்.

குளத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சு. அதில் வெண்டல் ரிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பைஜாமா மேல்சட்டை. கால்சட்டை. வெறுங்கால். முகம் செக்கச்செவேல். உதடு வெடித்திருந்தது. மடித்த நீலத் துண்டு முழங்கை மேல்.

கண்கள் குளத்தில். அவர்கள் வந்ததற்குத் திரும்பவில்லை.

"சார்" என்றான் ஹார்லன்.

அவர் திரும்பினார். மலர்ந்தார். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. கையை மட்டும் நீட்டினார். "வணக்கம். உங்க பேரு?"

"ஹார்லன் சார்." கை சூடாக, காகிதம் போல் உலர்ந்திருந்தது. "வாங்க சார். வெளியே போலாம்."

"இருங்க தம்பி. என் சம்சாரம் உள்ளே இருக்கா."

வெர்னா ஆர்லினிடமிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கி நீட்டினாள். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். வாங்கவில்லை. "அவ வரட்டும். அவளுக்குத்தான் தாகமா இருக்கும்."

கோஸ்டாஸ் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் ஓடுகளில் மோதித் திரும்பியது.

ஆர்லின் அவர் முன்னால் போய் மண்டியிட்டாள். "வெண்டல். நான்தான். இங்க இருக்கேன் பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார். அறிமுகமில்லாதவர்களிடம் காட்டுகிற அன்பு. உலர்ந்த உடையைப் பார்த்தார். உலர்ந்த தலைமுடியைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?" என்றார்.

ஹார்லன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆர்லின் எழுந்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். குளத்தின் ஏணிக் கம்பிகளைப் பிடித்தாள். உடையோடு இறங்கினாள். ஒரு படி, இரண்டு படி. தலை மறைந்தது. ஓடுகளில் அவள் நடக்கிற சத்தம் கேட்டது. ஆழமான பக்கத்தில் தண்ணீர் சளசளத்தது. கைகளால் அள்ளி ஊற்றுகிற சத்தம்.

சத்தம் நின்றது.

ஏணியில் முதலில் கை தெரிந்தது. பிறகு தலை. ஈரத்தில் ஒட்டிய நரைமுடி. துரு கலந்த தண்ணீர் நெற்றியில் வழிந்தது.

வெண்டல் எழுந்தார். ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்த கால்கள் நடுங்கின. ஹார்லன் தோளைக் கொடுத்தான். கிழவர் துண்டை உதறினார். இரண்டு கைகளிலும் பிடித்து அகல விரித்தார்.

"இவ்வளவு நேரமா ஆர்லின்?" என்றார். "விரலெல்லாம் சுருங்கிப்போயிருக்கும்."

"ஆமா" என்றாள். துண்டு அவளைச் சுற்றிக்கொண்டது. "நேரமாயிடுச்சு."

வெர்னா பாட்டிலை அவளிடம் கொடுத்தாள். அவள் மூடியைத் திருகி அவர் கையில் வைத்தாள். "குடிங்க" என்றாள்.

குடித்தார். பாதி மார்பில் வழிந்தது. மீண்டும் குடித்தார்.

டாக்டர் வந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. நாடி பார்த்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று டாக்டர் தொடங்கினார். வெர்னாவின் முகத்தைப் பார்த்து முடிக்கவில்லை.

கோஸ்டாஸ் ஒரு படிவத்தோடு நின்றார். பேனா அவருக்கே கனமாக இருந்தது போலிருந்தது. வெர்னாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "சங்கிலி எங்க தப்பு. நான் மறைக்கப் போறதில்ல. ஆனா இதுல ஒரு கட்டம் இருக்கு. கடைசியா அவரை யார், எப்ப பார்த்தாங்கன்னு. ஏற்கெனவே எழுதினது ரெண்டு மணி. உறவுக்காரங்களுக்கும் ஒரு நகல் போகும். அதை அப்படியே விட்டுடலாமா?"

வெர்னா ஆர்லினைப் பார்த்தாள். வேறு எதுவும் செய்யவில்லை.

ஹார்லனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. விடுங்க மேடம், யாருக்குத் தெரியப் போகுது என்று. வாய் வரை வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக விழுங்கிக்கொண்டான்.

ஸ்ட்ரெச்சரில் கிழவர் மனைவியின் கையை விடவில்லை. அவளுடைய விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருக்கம் இருக்கிறதா என்று.

ஆர்லின் நீலத் துண்டைத் தோளோடு இழுத்துக்கொண்டாள்.

"காலை எட்டு பத்து" என்றாள். "நான் பார்த்தேன். தூங்கிக்கிட்டிருந்தார். விட்டுட்டுப் போனேன்."

கோஸ்டாஸ் எழுதவில்லை.

"எழுதுங்க" என்றாள்.